ராவ் பகதூர் ஆரி கவுடர் சரித்திரமும் நமது கடமையும்

வியாபாரம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மவரிற் சிலர் முகம் சுளிப்பர். வேறு சிலரோ அதுவே சகல பாக்கியங்களுக்கும் மூலம் என்று கொண்டாடுவர். உழுதவன் கடன்காரனாகவும், அவன் விளைத்ததை ஒரு கையால் வாங்கி மறு கையால் விற்றவன் செல்வனாகவும் இருக்கக் கண்டவர் முன்னவர். ரெயிலும் சாலையும் சந்தையும் வராதிருந்தால் நம் ஹட்டிகளுக்குப் பள்ளிக்கூடமும் ஓட்டு வீடும் எங்ஙனம் வந்திருக்கும் என்று கேட்பவர் பின்னவர். இரு திறத்தார் கூற்றிலும் உண்மையுண்டு. வியாபாரம் யார் கையில் இருக்கிறது, அதன் லாபம் எங்கே போய்ச் சேருகிறது, எந்த மண்ணிலிருந்து எடுக்கிறதோ அந்த மண்ணுக்கு அது எதைத் திருப்பித் தருகிறது என்னும் மூன்று கேள்விகளைக் கொண்டே அதனை மதிப்பிடல் வேண்டும் என்பது நமது கருத்து.

தற்காலத்தில் உலகத்துப் பெருஞ் சபைகளிலும் இக்கேள்விகளே பேசப்படுகின்றன. 1987-ஆம் வருஷத்தில், நார்வே தேசத்தின் பிரதம மந்திரியாயிருந்த புரூண்ட்லாந்து அம்மையாரைத் தலைவராகக் கொண்ட ஒரு குழு, இன்றையோர் தம் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும்போது பின்வருவோரின் பங்கைப் பறித்துக்கொள்ளாத அபிவிருத்தியே நிலைத்த அபிவிருத்தி என்று வரையறுத்தது. 2015-ஆம் வருஷத்தில் ஐக்கிய நாடுகள் சபை 17 குறிக்கோள்களை வகுத்து, அவற்றை 2030-க்குள் அடைய வேண்டுமென்றும், அப்பணியில் சர்க்கார்களுக்கேயன்றி வியாபாரிகளுக்கும் கைத்தொழில் முதலாளிகளுக்கும் பங்குண்டு என்றும் அறிவித்தது. இவையெல்லாம் பெரிய தேசங்களின் விஷயம், மலைச்சரிவில் கிழங்கும் தேயிலையும் பயிரிடும் நமக்கு இவற்றால் ஆவதென்ன என்று நேயர்கள் நினைக்கக்கூடும். அங்ஙனம் நினைத்தல் வேண்டா. இச்சொற்கள் பிறப்பதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே, நம் நீலகிரியில் நம்மவர் ஒருவர் அக்காரியத்தைத் தொடங்கிவிட்டார். அவரே ராவ் பகதூர் ஆரி கவுடர். அன்னாருடைய சரித்திரத்தை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளும் பொருட்டு ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

பிறப்பும் குடும்பமும்

குன்னூருக்கு அணித்தான உபதலையில் 1893-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 4-ஆம் தேதி ஆரி கவுடர் பிறந்தார். தந்தையார் ராவ் பகதூர் பெள்ளி கவுடர். நம் முன்னோர் பெரும்பாலும் ஏரையும் எருமையையுமே செல்வமெனக் கொண்டிருந்த நாளில், பெள்ளி கவுடர் ஒப்பந்தத் தொழிலில் இறங்கி, மலை ரெயில் பாதை அமைக்கும் வேலையை ஏற்று நடத்திப் புகழ் பெற்றவர். அப்பாதை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையில் 1899-ஆம் வருஷத்திலும், உதகமண்டலம் வரையில் 1908-ஆம் வருஷத்திலும் திறக்கப்பட்டது. பற்சக்கரத்தின் உதவியால் செங்குத்தான சரிவில் ஏறிவரும் அந்த 46 கிலோமீட்டர்ப் பாதையை யுனெஸ்கோ ஸ்தாபனம் 2005-ஆம் வருஷத்தில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. இன்று வேடிக்கை பார்க்க வரும் பிரயாணிகள் ஏறும் அவ்வண்டி, அன்று நம் மலையின் விளைபொருளை வெளியுலகத்துக்குக் கொண்டுபோன வாசல் என்பதை மறத்தலாகாது.

ஒப்பந்தக்காரர் வீட்டில் வளரும் பிள்ளைக்குக் கணக்கும் காலமும் தவறாமல் நடத்தல் இளமையிலேயே பழகிவிடும். கூலியாட்களுக்கு வாரந்தோறும் பணம் கொடுக்க வேண்டும். சாமான் குறித்த நாளில் வந்து சேர வேண்டும். வேலை அளந்து பார்க்கப்படும். பிழையிருந்தால் நஷ்டம் தன்னுடையதே. இத்தகைய சூழ்நிலையில் வளர்ந்த ஆரி கவுடர், உயர்தரக் கல்வியும் பெற்று, நம் சமூகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராக விளங்கினார். தந்தையின் வழியே நின்று பொருளீட்டி இனிது வாழ்ந்திருத்தல் அவருக்கு எளிது. தம்முடைய படிப்பையும் தொழில் அறிவையும் மலைக் குடியானவர் அனைவருக்கும் பயன்படுமாறு செலவிட்டமையே அவரை நாம் நினைத்தற்குக் காரணமாகும்.

அக்காலத்துக் குடியானவர் நிலை

அன்னார் செய்த பணியின் அருமையை உணர்வதற்கு, அந்நாளில் நம் குடியானவர் இருந்த நிலையை முதலில் அறிதல் வேண்டும். பண்டு நம் முன்னோர் சாமையும் ராகியும் கோதுமையும் கீரையும் விதைத்தனர். வீட்டுக்கு வேண்டியதை விளைத்து, சில வருஷங்கள் பயிரிட்ட நிலத்தைச் சில வருஷங்கள் தரிசாக விட்டு, மண் தானே தேறும்படி செய்தனர். 1819-ஆம் வருஷத்தில் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார். பின்பு அவர் உதகமண்டலத்தில் வீடு கட்டிக்கொண்டு, உருளைக்கிழங்கு முதலான சீமைப் பயிர்களை இங்கே பரப்பினார். ரெயில் வந்தபின் கிழங்கு காசாக மாறியது. நம் சரிவுகளெல்லாம் கிழங்குத் தோட்டங்களாயின.

கிழங்கு பணம் தரும் பயிர். பணம் கேட்கும் பயிருமாகும். சாமைக்கு ஒரு படி விதை போதுமான இடத்தில் கிழங்குக்கு மூட்டை மூட்டையாக விதை வேண்டும். எரு வேண்டும், ஆள் வேண்டும், சாக்கு வேண்டும், வண்டிக் கூலி வேண்டும். கையில் முதலில்லாத குடியானவன் எங்கே போவான்? மண்டிக்குப் போவான். மண்டிக்காரர் முன்பணம் கொடுப்பார். விளைந்த கிழங்கைத் தம்மிடமே கொணர்ந்து போட வேண்டுமென்பது அவர் விதிக்கும் நிபந்தனை. கிழங்கோ பல நாள் வைத்திருந்தால் அழுகும், முளைக்கும். அறுவடைக் காலத்தில் எல்லாரும் ஒருங்கே கொணர்வதால் விலை விழும். மலையில் இருப்பவனுக்குச் சமவெளியின் விலை தெரியாது. கடனுக்குக் கட்டுண்டவன் வேறிடம் போகவும் முடியாது. தரகு, எடைகூலி, இறக்குகூலி, மகமை, மாதிரிக்கென்று எடுத்தது என இவ்வாறெல்லாம் கழித்தது போக மீதி கைக்கு வரும். 1928-ஆம் வருஷத்தில் அறிக்கை வெளியிட்ட லின்லித்கோ பிரபுவின் விவசாய ராயல் கமிஷன், இத்தகைய பிடிப்புகளும் தராசுப் புரட்டும் இந்தியச் சந்தைகள் பலவற்றிலும் உள்ளன என்று எடுத்துக்காட்டியது.

மண்டி வியாபாரிகளைப் பழிப்பது நமது நோக்கமன்று. மழை பொய்த்தாலும் விலை சரிந்தாலும் கொடுத்த முன்பணம் திரும்பாத ஆபத்தை அவர்களும் சுமந்தனர். அவர்கள் பணம் கொடுத்திராவிடின் பல தோட்டங்கள் விதை காணாமலே போயிருக்கும். ஆயினும் அந்த ஏற்பாட்டின் பலனை மண் அனுபவித்தது என்பதை நேயர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். கடன்பட்டவன் நிலத்தை ஒரு போகம் சும்மா விட அஞ்சுவான். ஆகவே தரிசு விடும் பழக்கம் ஒழிந்தது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராகப் பாத்தி பிடித்தால் வேலை எளிது. குறுக்கே பாத்தி பிடித்து, கல்லடுக்கிப் படிமட்டம் கட்டுவதற்கோ கூலியும் நாளும் வேண்டும். வருகிற மாதமே வட்டி கட்ட வேண்டியவன் பத்து வருஷத்துக்குப் பின் பயன் தரும் படிமட்டத்தை எங்ஙனம் கட்டுவான்? தென்மேற்குப் பருவத்தின் மழையும் ஐப்பசி மழையும் மேல்மண்ணைக் கரைத்து ஓடைகளில் சேர்த்தன. கடன் ஏறிய அளவுக்கு மண் இறங்கியது எனலாம். நிலத்தைக் காப்பதற்குக் குடியானவனுக்கு அறிவு குறையவில்லை; அவகாசமே குறைந்தது.

பொது வாழ்வு

ஆரி கவுடர் 1920-களில் சென்னைச் சட்டசபையில் அங்கத்தினரானார். நம் சமூகத்திலிருந்து அச்சபையில் அமர்ந்த முதல்வர் இவரே. நீலகிரி ஜில்லா போர்டின் தலைமைப் பதவியையும் வகித்தார். ஜில்லா போர்டு என்பது சாலை, பாலம், ஆரம்பப் பள்ளி, மருத்துவசாலை ஆகியவற்றைப் பரிபாலிக்கும் ஸ்தாபனமாதலின், ஒவ்வொரு ஹட்டியின் குறையும் அவர் காதுக்கு எட்டியது. குடும்பங்களைக் கெடுக்கும் குடிப்பழக்கத்தை ஒழிக்க மதுவிலக்கு வேண்டுமென்று உழைத்தார். 1933-ஆம் வருஷத்தில் ஹங்கேரி தேசத்துக் கோடல்லோ நகரில் கூடிய உலகச் சாரணர் மகாநாட்டுக்கு இந்தியச் சாரணர் படையை இவரே தலைமை வகித்து அழைத்துச் சென்றார். மலைக்குக் கீழே இறங்காமலே வாழ்நாளைக் கழித்த பெரியோர்கள் நிறைந்த ஒரு சமூகத்திலிருந்து ஒருவர் கடல் கடந்து, தேசத்து இளைஞர்களுக்குத் தலைவராய்ப் போனமை அக்காலத்தில் சிறு செய்தியன்று.

சட்டசபையும் ஜில்லா போர்டும் செய்யத்தக்கவற்றுக்கு எல்லையுண்டு. சாலை போட்டுக் கொடுக்கலாம். அச்சாலையில் போகும் மூட்டைக்கு நியாயமான விலை கிடைக்கச் செய்தல் அவற்றால் ஆகாது. விலை சந்தையில் பிறப்பது. எனவே சந்தைக்குள் குடியானவரே புகுந்தாலன்றி அவர்கள் குறை தீராது. இந்த உண்மையே 1935-ஆம் வருஷத்து முயற்சிக்கு அடிப்படையாகும்.

கூட்டுறவு வந்த வழி

1844-ஆம் வருஷத்தில் இங்கிலாந்து தேசத்து ராச்டேல் நகரில் 28 ஏழைத் தொழிலாளர் தம் சிறு சேமிப்பைத் திரட்டி ஒரு கடை திறந்தனர். கலப்படமில்லாத சரக்கு, சரியான எடை, ஆளுக்கொரு வோட்டு, லாபத்தை வாங்கினவர்களுக்கே அவரவர் வாங்கின அளவுக்குத் தக்கபடி பகிர்தல் என்பன அவர்கள் கைக்கொண்ட விதிகள். ஜெர்மனியில் ரைபைசன் என்பார் கிராமத்தாரே ஒருவருக்கொருவர் ஜாமீனாய் நின்று கடன் பெறும் சங்கங்களை நிறுவினார். இம்முறைகளை நம் தேசத்துக்குச் சிபாரிசு செய்யும் விரிவான அறிக்கையை 1895, 1897-ஆம் வருஷங்களில் சென்னை ராஜாங்கத்துக்கு எழுதியவர் சர் பிரடெரிக் நிக்கல்சன். அப்பெரியார் உத்தியோகத்திலிருந்து விலகியபின் நம் குன்னூரிலேயே வாழ்ந்தவர் என்பது நமக்கு ஒரு பெருமை. 1904-ஆம் வருஷத்தில் கூட்டுறவு நாணய சங்கச் சட்டம் பிறந்தது. 1912-ஆம் வருஷத்துச் சட்டம் கடன் கொடுத்தலன்றி விற்பனை முதலிய காரியங்களுக்கும் சங்கம் அமைக்க இடங்கொடுத்தது. 1932-ஆம் வருஷத்தில் சென்னை மாகாணத்துக்கெனத் தனிச் சட்டமும் வந்தது.

சட்டம் வழி காட்டும். அவ்வழியில் நடந்து காட்ட மனிதர் வேண்டும். 1935-ஆம் வருஷத்தில் ஆரி கவுடர் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை ஸ்தாபித்தார். பல வருஷங்கள் அதன் தலைவராகவும் இருந்து நடத்தினார். உதகமண்டலத்தில் தலைமை இடமும், மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் ஏலக் களமும் கொண்டு அச்சங்கம் வளர்ந்தது.

சங்கம் நடக்கும் முறை

இத்தகைய விற்பனைச் சங்கம் எங்ஙனம் நடக்கிறது என்பதை நம் இளைஞரிற் பலர் அறியார். ஆதலின் சிறிது விளக்குவோம். குடியானவன் ஒரு சிறு பங்குத் தொகை செலுத்தி அங்கத்தினனாகிறான். விளைந்த கிழங்கைச் சங்கத்தின் களத்துக்கு அனுப்புகிறான். அங்கே எல்லார் முன்னிலையிலும் எடை போடப்படுகிறது. பெருங்கிழங்கு, நடுத்தரம், சிறுகிழங்கு எனத் தரம் பிரிக்கப்படுகிறது. பின்பு பகிரங்க ஏலத்தில் வியாபாரிகள் போட்டியிட்டு எடுக்கின்றனர். ஏலத்தொகையிலிருந்து குறிப்பிட்ட தரகு ஒன்று மாத்திரம் கழிக்கப்படுகிறது. மீதி அங்கத்தினனைச் சேருகிறது. அந்தத் தரகிலும் செலவு போக மிஞ்சுவது சங்கத்தின் நிதியாகவும் அங்கத்தினரின் பங்காகவும் திரும்புகிறது. விதையும் எருவும் மொத்தமாக வாங்கப்படுவதால் சில்லறை விலையினும் குறைவாகக் கிடைக்கின்றன.

இதனால் வியாபாரி ஒழிந்துபோகவில்லை. அவன் வந்துதான் ஏலம் எடுக்கிறான். ஆனால் அவன் முன்னே நிற்பவன் கடனுக்குக் கட்டுண்ட தனியொருவனல்லன். ஆயிரம் பேருடைய மூட்டைகளை ஒன்றாக அடுக்கி வைத்திருக்கும் ஒரு ஸ்தாபனம். அன்றியும் சங்கம் மேட்டுப்பாளையத்தில் நல்ல எடையும் வெளிப்படையான விலையும் வழங்குமாயின், பக்கத்து மண்டிகளும் அதற்கு வெகுதூரம் கீழே போக இயலாது. ஆகையால் சங்கத்தில் சேராதவனும் ஓரளவு பயன் பெறுகிறான். நியாயமாக நடக்கும் ஒரு கடை ஊரிலுள்ள எல்லாக் கடைகளின் தராசையும் நேராக்கும் என்பது அனுபவ உண்மை.

இதில் கஷ்டமும் இல்லாமலில்லை. கூட்டுறவுச் சங்கங்கள் யாண்டும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. வெளியார் ஒருவர் மூட்டைக்குச் சில அணாக்கள் அதிகம் தருவதாகச் சொல்லும் நாளில் அங்கத்தினன் சங்கத்தைக் கைவிடுகிறான். விலை விழும் நாளில் மீண்டும் சங்கத்தைத் தேடி வருகிறான். இங்ஙனம் நல்ல நாளில் விலகி, கெட்ட நாளில் மாத்திரம் வருபவர்களால் எந்தச் சங்கமும் நிற்காது. மேலும் பழைய முன்பணத்தைத் தீர்க்காதவன் சங்கத்துக்கு வரவே அஞ்சுவான். அவனுக்கு முதலில் கடன் விடுதலை வேண்டும். கணக்கில் ஐயம் தோன்றினாலோ, ஹட்டிக்கு ஹட்டி கட்சி தோன்றினாலோ, கட்டிய வீடு ஒரு மழையில் கரைந்துபோம். ஆகவே இத்தகைய சங்கத்துக்குத் தலைமை தாங்குவோர்க்கு மூலதனத்தினும் மேலாக வேண்டுவது நம்பிக்கை. தலைவர் தமக்கென எடுத்துக்கொள்ள மாட்டார் என்று ஹட்டிகள் நம்பினாலன்றி, ஒரு போகத்து உழைப்பு முழுவதையும் கொண்டுபோய் ஒரு களத்தில் கொட்ட யார் துணிவர்? ஆரி கவுடருடைய குடும்பப் பெயரும் பொதுவாழ்வின் நற்பெயரும் அச்சங்கத்துக்குக் கிடைத்த முதற் பங்குத்தொகை என்று கூறுதல் மிகையாகாது.

நல்ல விலையும் நல்ல மண்ணும்

பெரியாருடைய சரித்திரத்தை எழுதுவோர் புகழ்ச்சியோடு நின்றுவிடுதல் வழக்கம். நாம் அங்ஙனம் நிற்க விரும்பவில்லை. அன்னார் காலத்திலேயே, நல்ல விலை மாத்திரம் மலையைக் காவாது என்பதும் வெளிப்பட்டது. கிழங்குக்கு நல்ல சந்தை உண்டான பின் அதே நிலத்தில் கிழங்கின் மேல் கிழங்காக விதைத்தோம். 1961-ஆம் வருஷத்தில், கிழங்கின் வேரைப் பற்றும் தங்கநிற நூற்புழு நீலகிரியில் இருப்பதை ஜோன்ஸ் என்னும் நிபுணர் கண்டறிந்தார். கண்ணுக்குத் தெரியாத அப்புழுவின் கூடுகள் மண்ணில் பல வருஷங்கள் உயிரோடு கிடக்கும். விதைக்கிழங்கில் ஒட்டிய மண்ணோடும் செருப்பில் ஒட்டிய மண்ணோடும் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் போகும். விளைச்சல் குன்றியது. நோய் பரவாமலிருக்க, நம் விதைக்கிழங்கு மலைக்கு வெளியே போவதை 1971-ஆம் வருஷத்தில் சர்க்கார் கட்டுப்படுத்தினர். விதைக்குப் பெயர் பெற்ற மலைக்கு இது பெரிய அடியாயிற்று.

அந்த 1971-ஆம் வருஷம் ஜூன் மாதம் 28-ஆம் தேதியே ஆரி கவுடர் காலஞ்சென்றார்.

நூற்புழுவுக்கு மாற்று இல்லாமற் போகவில்லை. கிழங்குக்குப் பின் கோசு, பூண்டு, காரட் முதலியவற்றை மாற்றி மாற்றிப் பயிரிட்டால் புழுவின் தொகை குறையும். முத்தோரையிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தாரின் முயற்சியால், புழுவைத் தாங்கும் குப்ரி ஸ்வர்ணா என்னும் ரகம் 1985-ஆம் வருஷத்தில் வெளிவந்தது. சரிவுகளில் மண் அரிப்பைத் தடுக்கும் முறைகளை 1954-ஆம் வருஷம் முதல் உதகமண்டலத்து மண்வள ஆராய்ச்சி நிலையம் கற்பித்து வருகிறது. இவற்றால் நாம் அறிவது யாது? நம் முன்னோர் தரிசு விட்டும் பயிர் மாற்றியும் செய்துவந்ததையே சாஸ்திரம் வேறு பெயரால் நமக்குத் திருப்பிச் சொல்லுகிறது. நியாயமான வியாபாரம் குடியானவனுக்கு அவகாசம் தரும். அந்த அவகாசத்தை மண்ணுக்குச் செலவிடுதல் குடியானவன் கையில் இருக்கிறது. அதைச் செய்யாமல் இன்னும் ஒரு போகத்துக்கே செலவிட்டோமாயின், சங்கம் பெற்றுத் தந்த லாபத்தை நாமே மண்ணோடு ஓடையில் விட்டவராவோம்.

அன்னாருக்குப் பின்

கிழங்கை விட்ட நிலங்களிற் பல தேயிலைத் தோட்டங்களாயின. தேயிலைக்கும் பழைய கேள்வியே எழுந்தது. பறித்த கொழுந்தைச் சில மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்காவிடில் அது கெடும். ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவன் ஆலை கட்ட முடியாது. ஆலை உடையவர் சொன்னதே விலை. இதற்கும் ஆரி கவுடர் காட்டிய வழியே விடையாயிற்று. 1962-ஆம் வருஷத்தில் குந்தாவில் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலை ஆலை தோன்றியது. அத்தகைய ஆலைகளை ஒன்றுசேர்க்க 1965-ஆம் வருஷத்தில் இன்கோசர்வ் என்னும் இணையம் அமைந்தது. பின்னாளில் 16 ஆலைகளும் சுமார் 30,000 சிறு விவசாயிகளும் அதன்கீழ் வந்தனர்.

1990-களின் இறுதியில் பசுந்தேயிலை விலை வீழ்ந்தபோது நம் குடும்பங்கள் பட்ட துன்பத்தை நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளின் படிப்பு நின்ற வீடுகளும், விவாகம் தள்ளிப்போன வீடுகளும், நிலத்தை விற்றுவிட்டுச் சமவெளிக்கு இறங்கிய வீடுகளும் எல்லா ஹட்டிகளிலும் உண்டு. உலகச் சந்தையின் விலையை ஒரு மலையின் சங்கம் நிர்ணயிக்க இயலாது என்பது உண்மையே. எனினும் கொழுந்தின் தரத்தை உயர்த்தலும், ஆலையின் வீண்செலவைக் குறைத்தலும், அங்கத்தினன் தன் ஆலைக்கே கொழுந்து போடுதலும் நம் கையிலுள்ளவை. ஒரு ரூபாய் அதிகத்துக்காகத் தன் ஆலையை விட்டு வெளியே கொழுந்து கொடுத்தவன், 1935-ஆம் வருஷத்தில் சில அணாக்களுக்காகச் சங்கத்தை விட்டவனின் பேரனே ஆவான்.

நமது கடமை

விலை குறைந்த காலத்தில் நிலம் விற்பனைக்கு வருகிறது. சரிவைச் செங்குத்தாக வெட்டி மாடி மேல் மாடியாக விடுதிகள் எழுகின்றன. 1978, 1993, 2009 ஆகிய வருஷங்களின் மழைக்காலத்தில் நம் ஜில்லாவில் நேர்ந்த மண்சரிவுகளும் உயிர்ச்சேதமும் மறக்கத்தக்கவையல்ல. சோலைக்காடும் புல்வெளியும் நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்திருந்து கோடையில் ஊற்றாகக் கொடுப்பவை. அவற்றை அழித்தால் நம் ஹட்டியின் கிணறும், கீழே பவானியின் நீரை நம்பியிருக்கும் சமவெளியாரின் வயலும் ஒருங்கே வறளும். ஆதலின் நிலத்தை யாருக்கு, எதற்காக விற்கிறோம் என்பது இனி ஒரு குடும்பத்தின் சொந்த விஷயமாக மாத்திரம் இருத்தற்கில்லை.

உலகக் கூட்டுறவாளர் 1995-ஆம் வருஷத்தில் தம் கொள்கைகளை மீண்டும் வகுத்தபோது, அங்கத்தினரின் லாபத்தோடு தாம் வாழும் சமூகத்தின் நிலைத்த அபிவிருத்திக்கும் சங்கங்கள் உழைக்க வேண்டுமென்று ஏழாவது கொள்கையாகச் சேர்த்தனர். ஐக்கிய நாடுகள் சபை 2012-ஆம் வருஷத்தையும் 2025-ஆம் வருஷத்தையும் கூட்டுறவு ஆண்டுகளாகக் கொண்டாடியது. நாம் விழாவோடு நில்லாமல் பின்வருவனவற்றைச் செய்தல் தகும் என்று கருதுகின்றோம்.

நம்மில் நிலமுடைய ஒவ்வொருவரும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தினராய்ச் சேர்ந்து, நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் அதன் மூலமாகவே விற்றல் வேண்டும். ஆண்டுக் கூட்டத்துக்குத் தவறாது போய்க் கணக்கைக் கேட்டறிதல் வேண்டும். கேள்வி கேளாத அங்கத்தினனே கெட்ட நிர்வாகத்துக்குத் தாய். கொழுந்து பறிப்பவரும் களை எடுப்பவரும் பெரும்பாலும் நம் தாய்மாரும் சகோதரிகளுமே. அவர்கள் பெயரிலும் பங்கு எழுதி, நிர்வாகத்திலும் அவர்களுக்கு இடம் தருதல் வேண்டும். படித்த இளைஞர் நகரத்தில் பயின்ற கணக்கறிவையும் வியாபார அறிவையும், வருஷத்தில் சில நாட்களேனும் தம் ஹட்டியின் சங்கத்துக்குத் தருதல் வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்தில் ஒரு பகுதியையாவது குறுக்குப் பாத்தியும் படிமட்டமும் உடையதாக்கி, ஊற்றுக்கண்ணைச் சுற்றிச் சில சோலை மரங்களை வளர்த்தல் வேண்டும். தோதவரும் கோத்தரும் குறும்பரும் இருளரும், இலங்கையிலிருந்து வந்து தோட்டங்களில் உழைக்கும் தமிழ் மக்களும் இம்மலையை நம்மோடு பகிர்ந்து வாழ்கின்றனர். கூட்டுறவின் விதியில் சாதி பேதம் இல்லை. நம் சங்க வாயிலும் அங்ஙனமே திறந்திருத்தல் வேண்டும்.

சென்னை மேற்கு மாம்பலத்தில் ஒரு சாலை ஆரி கவுடர் பெயரால் வழங்குகிறது. அச்சாலையில் நடப்போரிற் பலர் அவர் யாரென்று அறியார். அதைப்பற்றி நாம் வருந்த வேண்டியதில்லை. அன்னாருக்குரிய நினைவுச்சின்னம், அறுவடை நாளில் ஒரு குடியானவன் தலைகுனியாமல் தன் மூட்டையை இறக்கி, தன் கண்ணெதிரே எடை பார்த்து, தன் பணத்தை எண்ணி வாங்கும் ஏலக் களமேயாகும். அக்களத்துக்குக் கொண்டுபோக நம் பேரப்பிள்ளைகளிடத்தில் விளைபொருள் இருக்குமா என்பது இன்று நாம் மண்ணை நடத்தும் விதத்தைப் பொறுத்தது. விற்பனையை நேராக்கும் பணியை அப்பெரியார் செய்து முடித்தார். மண்ணைக் காக்கும் பணி நமக்கு மிஞ்சியிருக்கிறது. அதனைச் செய்யும் ஊக்கத்தையும் ஒற்றுமையையும் ஹெத்தையம்மன் நம் நாக்குபெட்டாவில் வாழும் அனைவருக்கும் அருள்வாளாக.